உப்புக் காற்றில் சுழலும் வேகம்: முத்துக்குளிக் கரையில் ஒரு பழுதுநீக்கும் தொழிலின் வரலாறு

ஒரு பொருளைச் சுழலச் செய்வது எளிது. அது எவ்வளவு விரைவாகச் சுழல வேண்டும் என்பதை வேலையின் போக்கிலேயே உணர்ந்து கூட்டவும் குறைக்கவும் வல்லதாக இருப்பதுதான் கைத்தொழிலுக்கு அரிய திறன் என்பதை, முத்துக்குத் துளையிட்டவர்கள் முதல் இன்று லேத் பட்டறைகளில் வேலை செய்பவர்கள் வரை தூத்துக்குடிக் கரையின் தொழிலாளர்கள் தத்தம் வழியில் அறிந்திருந்தனர். கடைசல் இயந்திரம், துளையிடும் இயந்திரம், உப்பு அரைக்கும் இயந்திரம், பொட்டலமிடும் இயந்திரம் போன்றவற்றில் மின்இணைப்புக்கும் மோட்டாருக்கும் இடையே நின்று, மோட்டாருக்குச் செல்லும் மின்சாரத்தின் அளவையோ அலைவெண்ணையோ மாற்றி அதன் வேகத்தை ஆளுகின்ற மின்னணுப் பெட்டியே மோட்டார் கட்டுப்படுத்தி எனப்படுகிறது; பட்டறை வழக்கில் அதன் பழைய வகைக்கு ரெகுலேட்டர் என்றும், புதிய வகைக்கு டிரைவ் என்றும் பெயர். வ.உ.சி. துறைமுகத்தின் வரலாறு கப்பல்களையும் சரக்கின் எடையையும் கொண்டே பெரும்பாலும் எழுதப்பட்டிருக்கிறது என்றாலும், அத்துறைமுகத்தையும் உப்பளங்களையும் அண்டி வாழும் சிறுபட்டறைகளில் இந்தப் பெட்டி எவ்வாறு வந்து சேர்ந்தது, எதனால் பழுதாகிறது, அப்பழுதை நீக்கும் அறிவு எங்கிருந்து திரண்டது என்பதும் அக்கரையின் வரலாற்றில் ஒரு பகுதியே ஆகும். அப்பகுதியின் தொடக்கம் மின்சாரத்துக்கு நெடுங்காலம் முந்தியது.

மன்னார் வளைகுடாவின் பார்களில், அதாவது சிப்பிகள் பற்றி வளரும் கடலடிப் பாறைத் திட்டுகளில், அரசின் உரிமையாக நடத்தப்பட்ட முத்துக்குளிப்புக்குச் சிலாபம் என்று பெயர். சில ஆண்டுகள் தொடர்ந்தும் பல ஆண்டுகள் இடைவிட்டும் நடந்துவந்த அது, தூத்துக்குடிப் பக்கத்தில் 1961ஆம் ஆண்டோடு ஓய்ந்துபோயிற்று. மூச்சடக்கிக் குளித்தவர்களைப் பற்றி எழுதியோர் பலர். எடுத்த முத்தைக் கோப்பதற்குத் துளையிட்டவர்களைப் பற்றி எழுதியோர் சிலரே. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வளைகுடாவின் எதிர்க்கரையைப் பற்றி நூல் எழுதிய ஆங்கிலேயர்கள் அவ்வேலையை விவரித்திருக்கிறார்கள். மூன்று கால்கள் தாங்கும் தலைகீழ்க் கூம்பு வடிவ மரக்கட்டையின் தட்டையான மேற்பரப்பில் உள்ள சிறு குழிகளில் முத்துகள் பதிக்கப்படும். துளையிடும் கருவியான துறப்பணத்தின் ஊசித்தண்டை வில்லின் நாணில் சுற்றி, இடக்கையால் தண்டின் தலையை அழுத்தியவாறு, வலக்கையால் வில்லை முன்னும் பின்னும் இழுத்து ஊசியைச் சுழற்றுவார்கள். சூடேறாதிருக்க, வில்லை நிறுத்தாமலே வலக்கையின் சுண்டுவிரலால் அருகிலுள்ள சிரட்டை நீரைத் தொட்டு முத்தை நனைப்பார்கள். முத்து மெல்லிய சுண்ணப் படலங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து உருவானது என்பதால், ஊசி மிகுந்த வேகத்தில் சுழன்றால் படலம் வெடிக்கும், குறைந்த வேகத்தில் அழுத்தினால் விளிம்பு சிதையும். விலை மதிப்பற்ற ஒரு பொருளின் கதி, வில்லை இழுக்கும் கையின் நிதானத்தில் இருந்தது.

பின்னூட்டம் என்று இன்றைய பொறியியல் அழைக்கும் ஒன்று, அதாவது இயந்திரம் உண்மையில் எவ்வளவு வேகத்தில் ஓடுகிறது என்பதை அறிந்து, வேண்டிய வேகத்தோடு ஒப்பிட்டு, வேறுபாட்டைத் திருத்திக்கொண்டே இருக்கும் ஏற்பாடு, அந்தத் துறப்பணக்காரரின் உடலுக்குள்ளேயே இருந்தது: ஊசியின் அதிர்வை இடக்கை உணர்த்த, வலக்கை அதற்கேற்ப வேகத்தை மாற்றியது. அதில் பழுது என்று ஏதேனும் நேர்ந்தால், அறுந்த நாணும் மழுங்கிய ஊசியும் கண்ணுக்குத் தெரியும். பின்னர் வந்த ஒவ்வொரு மாற்றமும் வேகத்தை ஆளும் பொறுப்பைக் கையிலிருந்து மேலும் மேலும் தள்ளிக் கொண்டுபோயிற்று என்பதும், பழுதுநீக்குபவர்கள் அதைத் திரும்பத் திரும்பக் கண்ணுக்கும் கைக்கும் எட்டும் இடத்துக்கு மீட்டுவர முயன்றார்கள் என்பதுமே இவ்வரலாற்றின் ஓட்டம்.

முதல் மாற்றம் நூற்பாலையோடு வந்தது. 1868இல் சிறு துறைமுகமாக அறிவிக்கப்பட்டு, 1876இல் மதுரையோடு இரயில் பாதையால் இணைக்கப்பட்ட தூத்துக்குடியில், பிரித்தானிய ஹார்வி நிறுவனத்தார் 1880களின் இறுதியில் கோரல் ஆலையை நிறுவினர். அவர்கள் அதற்கு முன்பே பாபநாசத்தில் தாமிரபரணி அருவியின் விசையைக் கொண்டு ஓர் ஆலையை நடத்திவந்தனர் எனினும், ஆற்றின் வீழ்ச்சி இல்லாத கடற்கரை நகரில் நீராவியையே நம்ப வேண்டியிருந்தது. அக்கால ஆலைகளில் ஒரே பொறி சுழற்றும் நீண்ட இரும்புத் தண்டு கூடத்தின் நெடுகிலும் மேலே ஓட, அதிலிருந்து தொங்கும் தோல் பட்டைகள் ஒவ்வோர் இயந்திரத்தையும் சுழற்றின. வேகத்தை மாற்ற வேண்டுமானால் பட்டையை ஒரு கப்பியிலிருந்து வேறு விட்டமுள்ள கப்பிக்கு மாற்ற வேண்டும், அதற்கு மேல் தொழிலாளியின் கைக்கு எந்த உரிமையும் இல்லை. பொறியின் வேகமே கூடத்தின் வேகம், கூடத்தின் வேகமே தொழிலாளியின் வேகம் என்ற நிலை அது. 1908 பிப்ரவரி 27 அன்று தொடங்கிய கோரல் ஆலை வேலைநிறுத்தம், வ.உ. சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் துணைநிற்கக் கூலி உயர்வையும் வார விடுமுறையையும் கோரி நடந்தது என்பதை அனைவரும் அறிவர். ஓயாது சுழலும் ஒரே தண்டுக்கு உடலை ஈடுகொடுத்தவர்களின் வேலைநிறுத்தம் அது என்பதையும் சேர்த்து நினைக்கும்போதே, ஓய்வு நாள் என்ற கோரிக்கையின் கனம் முழுமையாகப் புலப்படுகிறது.

மின்சாரம் அந்த ஒரே தண்டைத் துண்டுகளாக்கியது. பைக்காராவும் மேட்டூரும் 1930களில் மின்சாரம் தரத் தொடங்கிய பின், 1944இல் பாபநாசம் நீர்மின் நிலையம் இயங்கலாயிற்று. ஒரு காலத்தில் ஹார்வி ஆலையின் சக்கரத்தை நேரடியாகச் சுழற்றிய அதே ஆற்றின் விசை, இப்போது கம்பி வழியாகத் திருநெல்வேலிச் சீமையின் பட்டறைகளுக்கு வந்து சேரும் வாய்ப்பு உண்டாயிற்று. கோவையில் 1937இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து உள்நாட்டிலேயே மின்மோட்டாரை உருவாக்கியது தமிழகத்தில் மோட்டார்த் தொழிலுக்கு வித்திட்டது. அதன் பிறகு பட்டறைகளில் பரவியது தூண்டல் மோட்டார், அதாவது நிலைப்பகுதியின் சுருள்களில் பாயும் மாறுமின்சாரம் எழுப்பும் சுழல் காந்தப்புலத்தால் இழுக்கப்பட்டுச் சுற்றும் மோட்டார். அது உறுதியானது, மலிவானது, தேய்ந்துபோகும் உறுப்புகள் மிகக் குறைந்தது. ஆனால் அதன் வேகம் மின்சாரத்தின் அலைவெண்ணுக்குக் கட்டுப்பட்டது. நொடிக்கு 50 சுற்று அலையுள்ள நம் நாட்டு மின்சாரத்தில் நான்கு துருவ மோட்டார் நிமிடத்துக்கு 1,500 சுற்றுகளை எட்டிப்பிடிக்க முயன்று, சுமையோடு ஏறத்தாழ 1,440இல் நிற்கும். ஆகவே லேத் இயந்திரத்தில் வேகத்தை மாற்றுவது, படிப்படியாக விட்டம் மாறும் ஸ்டெப் புல்லியில் பெல்ட்டை மாற்றிப் போடுவதாகவோ பற்சக்கரங்களை மாற்றுவதாகவோதான் இருந்தது. ஆலையின் மேல்தண்டு மறைந்தாலும் அதன் கப்பி முறை சிறுபட்டறைக்குள் உயிரோடு இருந்தது.

இக்காலத்தில் உருவான பழுதுநீக்குபவர் வைண்டிங் கடைக்காரர். எரிந்த மோட்டாரைப் பிரித்து, கருகிய சுருளின் கம்பித் தடிமனையும் சுற்றுகளின் எண்ணிக்கையையும் குறித்துக்கொண்டு, புதிய எனாமல் கம்பியை அதே எண்ணிக்கையில் சுற்றி, காப்புத்தாள் வைத்து, வார்னிஷில் தோய்த்து உலர்த்தித் தருவது அவருடைய வேலை. எரிந்த வார்னிஷின் மணம் பழுதைச் சொல்லும், சுருளின் நிறம் பழுதின் காரணத்தைச் சொல்லும்: மூன்று முனை மோட்டாரில் ஒருமுனை அறுந்துபோய் இரண்டில் ஓடியிருந்தால் சில சுருள் தொகுதிகள் மட்டும் கருகியிருக்கும், அளவுக்கு மீறிய சுமையில் ஓடியிருந்தால் எல்லாச் சுருள்களும் ஒருசேரக் கருகியிருக்கும். கண்ணாலும் மூக்காலும் விரலாலும் படிக்கத்தக்க அறிவு அது. கையால் எண்ணத்தக்க அறிவும்கூட.

1974 ஜூலை 11 அன்று தூத்துக்குடியின் புதிய ஆழ்கடல் துறைமுகம் இந்தியாவின் பத்தாவது பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. ஆழமற்ற கடலில் பல கல் தொலைவில் கப்பல் நிற்க, தோணிகள் சரக்கை ஏற்றி இறக்கிய பழைய முறையின் இடத்தில், ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் நீளமுள்ள இரண்டு அலைதடுப்புச் சுவர்களுக்கு இடையே கப்பல் நேரடியாகக் கரையணையும் முறை வந்தது. 1979 ஏப்ரல் முதல் பழைய துறைமுகமும் புதியதும் ஒரே நிர்வாகத்தின் கீழ் வந்தன. 2011இல் துறைமுகத்துக்கு வ.உ. சிதம்பரனாரின் பெயர் சூட்டப்பட்டது. ஸ்பிக் உரத்தொழிற்சாலை 1975இலும், அனல்மின் நிலையத்தின் முதல் 210 மெகாவாட் அலகு 1979இலும் இயங்கத் தொடங்கின. இத்தகைய பெருநிறுவனங்களில் மோட்டாரின் வேகம் என்பது பெல்ட்டை மாற்றிப் போட்டுத் தீர்க்கும் காரியமன்று. அக்காலத்துப் பளுத்தூக்கிகளில் பொதுவாகச் சறுக்குவளைய மோட்டார்கள் பயன்பட்டன. அவற்றின் சுழலும் பகுதியிலிருந்து வளையங்கள் வழியே வெளியே கொண்டுவரப்பட்ட மின்சுற்றில் இரும்பு வார்ப்புத் தடைகளைச் சேர்த்தும் நீக்கியும் வேகத்தை மாற்றுவார்கள். தடைகள் சூடேறும், தொடர்பு முனைகள் தீப்பொறி கக்கித் தேயும். அவற்றை அரத்தால் தேய்த்துச் சமப்படுத்துவதே பராமரிப்பு. பழுது இன்னமும் கண்ணுக்குத் தெரிந்த காலம் அது.

பழுதைக் கண்ணிலிருந்து மறைத்தது, விரல் நுனியளவு சிலிக்கான் துண்டு. அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் 1957இல் உருவாக்கப்பட்ட தைரிஸ்டர், மூன்று கால்களுள்ள ஒரு மின்கதவு என்று கொள்ளத்தக்கது; மூன்றாம் காலான கேட்டுக்கு ஒரு சிறு துடிப்பைக் கொடுத்தால் அது திறந்து மின்சாரத்தைச் செல்லவிடும், பாயும் மின்சாரம் தானாகச் சுழியத்துக்கு வந்தாலன்றி மீண்டும் மூடாது. நம் மின்சாரம் நொடிக்கு 100 முறை சுழியத்தைக் கடக்கிறது. ஒவ்வொரு அரை அலைக்கும் நேரம் 10 மில்லி நொடி. அந்த அரை அலையின் தொடக்கத்திலேயே கதவைத் திறந்தால் மோட்டாருக்கு முழு விசை, நடுவில் திறந்தால் பாதி, இறுதியில் திறந்தால் சிறு துளி. தடையில் சூடாக வீணாகாமல், நேரத்தை நறுக்கியே விசையை அளக்கும் இம்முறை தமிழர் இல்லங்களுக்குள் வந்தது மின்விசிறியின் வழியாக: சுவரில் சூடேறி நின்ற பழைய பெரிய ரெகுலேட்டர் பெட்டி போய், குமிழைத் திருகும் சிறிய எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் வந்தபோது, அதனுள் இருந்தது தைரிஸ்டரின் இரட்டைப் பிறவியான ட்ரையாக். பட்டறையில் இதே முறை டி.சி. மோட்டாரோடு சேர்ந்தது. இரண்டு தைரிஸ்டர்களும் இரண்டு டயோடுகளும் கொண்ட பாலம், 230 வோல்ட் மாறுமின்சாரத்தை நறுக்கி ஒருதிசை மின்சாரமாக்கி, ஏறத்தாழ 180 வோல்ட் வரை மோட்டாரின் சுழலும் பகுதியான ஆர்மேச்சருக்கு அளிக்கும். குமிழின் நிலையையும் மோட்டாரின் உண்மை வேகத்தையும் ஒப்பிட்டு, கதவு எப்போது திறக்க வேண்டும் என்பதைச் சிறு மின்சுற்று ஒன்று முடிவுசெய்யும். துறப்பணக்காரரின் இரண்டு கைகளுக்கு இடையே நிகழ்ந்தது, உள்ளங்கை அகலமுள்ள ஒரு போர்டில் இடம்பிடித்தது.

அந்தப் போர்டு பழுதானபோது வைண்டிங் கடையின் அறிவு பாதி வழியிலேயே நின்றுபோயிற்று. எரிந்த தைரிஸ்டர் பெரும்பாலும் எரியாத தைரிஸ்டரைப் போலவே தோன்றும். மணமும் இல்லை, நிறமாற்றமும் இல்லை. வானொலியும் தொலைக்காட்சியும் பழுதுபார்த்தவர்களின் அறிவும், மோட்டார் வைண்டிங் அறிந்தவர்களின் அறிவும் ஒரே மேசையில் சேர வேண்டிய தேவை அப்போது எழுந்தது. தொழிற்பயிற்சி நிலையங்களில் எலக்ட்ரீஷியன் என்றும் எலக்ட்ரானிக்ஸ் மெக்கானிக் என்றும் தனித்தனித் தொழிற்பிரிவுகளாகக் கற்பிக்கப்பட்டவை, பட்டறையில் ஒரே மனிதரிடம் கூடின. இந்தக் கூடுகையைத் தமிழகத் தொழில் வரலாறு இதுவரை உரிய அளவில் மதித்ததாகத் தெரியவில்லை. பெரிய ஆலைகளின் வரலாறு ஆவணங்களில் வாழ்கிறது. இவர்களுடைய அறிவு கையோடு கை மாறியே வாழ்கிறது.

அவ்வறிவின் முறைமை ஆராயத்தக்கது. தேர்ந்த பழுதுநீக்குபவர் போர்டை உடனே தொடுவதில்லை. முதலில் மோட்டாரின் கார்பன்களைக் கழற்றிப் பார்ப்பார். கார்பன் என்பது ஆர்மேச்சரின் செப்புப் பட்டைகளை உரசி மின்சாரம் செலுத்தும் கரித்துண்டு, மிக்ஸி வைத்திருக்கும் எந்த வீட்டாரும் அறிந்தது. அது தேய்ந்து குட்டையாகியிருந்தாலோ, கரித்தூள் படிந்து பட்டைகளை இணைத்திருந்தாலோ, குற்றம் போர்டின் மேல் ஏற்றப்படும், ஆனால் போர்டில் குற்றம் இராது. அடுத்துக் குமிழ். வால்யூம் என்று பட்டறை வழக்கில் அழைக்கப்படும் அந்த மாறுதடையின் உள்ளே கரித்தடம் ஒன்றின் மேல் ஒரு முள் உரசிச் செல்கிறது. வழக்கமாக வைக்கும் ஓரிடத்தில் தடம் தேய்ந்துபோனால், அங்கு மட்டும் மோட்டார் துடிக்கும். மூன்று கம்பிகளுள் தாழ்முனைக் கம்பி அறுந்துபோனால் நேர்வது விந்தையானது, ஆபத்தானதும்கூட: கட்டுப்படுத்தி உச்ச வேகம் கேட்கப்படுவதாகவே எண்ணி மோட்டாரை முழு வேகத்தில் ஓடவிடும். வேகத்தை அளந்து சொல்லும் டாக்கோ கம்பி அறுந்தாலும் அப்படியே; மோட்டார் ஓடவில்லை என்று கருதும் போர்டு மேலும் மேலும் விசையைக் கூட்டும். தனிக் காந்தச்சுருள் உள்ள டி.சி. மோட்டாரில் அந்தச் சுருளின் மின்சுற்று அறுந்தாலும் வேகம் கட்டுமீறும். வேகம் தானாக ஏறுகிறதென்றால் உடைந்துபோனது வேகத்தை உண்டாக்கும் உறுப்பன்று, வேகத்தை அறிவிக்கும் அல்லது கட்டுக்குள் வைக்கும் உறுப்பு என்ற தெளிவு, இத்தொழிலின் முதல் பாடங்களுள் ஒன்று.

அதன் பிறகே மீட்டர் தைரிஸ்டருக்கு வரும். அதன் இரு முதன்மைக் கால்களுக்கு இடையே எத்திசையில் அளந்தாலும் மின்தடை மிக உயர்ந்திருக்க வேண்டும். இரு திசையிலும் சுழியம் காட்டினால் அது ஷார்ட். ஒரு தைரிஸ்டர் ஷார்ட் ஆன பாலத்தில் மற்றது திறக்கும் நொடியில் மின்இணைப்பே நேரடியாகக் குறுக்கிணைந்து ஃபியூஸ் எரியும் என்பதால், புதிய ஃபியூஸைப் போட்டுப் பார்ப்பது பயனற்றது மட்டுமன்று, நல்லதாக எஞ்சியிருக்கும் மற்ற உறுப்பையும் பலிகொடுப்பதாகும். இந்த இடத்தில்தான் சீரிஸ் பல்பு என்ற எளிய உபாயம் நுழைகிறது. 100 வாட் இழைப் பல்பு ஒன்றை மின்இணைப்புக்கும் சோதிக்கப்படும் போர்டுக்கும் இடையே தொடராக இணைத்துவிட்டால், போர்டில் ஷார்ட் இருக்கும்போது பல்பு முழுதாக எரிந்து மின்சாரத்தைத் தானே தாங்கிக்கொள்ளும். போர்டு நலமாக இருந்தால் பல்பு ஒரு கணம் மின்னி மங்கிவிடும். குளிர்ந்த இழையின் தடை சுடர்விடும் இழையின் தடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே என்பதால், நலமான போர்டுக்கு வேண்டிய சிறு மின்சாரத்தை அது தடுப்பதும் இல்லை. அடுத்து, மோட்டாரைக் கழற்றிவிட்டு அதன் இடத்தில் வேறொரு பல்பை இணைத்துக் குமிழை மெதுவாகத் திருகுவார்கள். பல்பு இருளிலிருந்து ஒளிக்குச் சீராக ஏறினால் கட்டுப்படுத்தியில் குற்றமில்லை, மோட்டாரில்தான் தேட வேண்டும். சிலிக்கானுக்குள் ஒளிந்துகொண்ட வேகத்தை ஒளியாக்கிக் கண்ணுக்குக் காட்டும் இந்தச் சோதனை, எந்த நிறுவனத்தின் கையேட்டையும்விட நுட்பத்தில் குறைந்ததன்று. போர்டின் எந்தப் புள்ளியும் மின்இணைப்பிலிருந்து பிரிக்கப்பட்டிராது என்பதால், மின்பிரிப்பு டிரான்ஸ்பார்மர் இல்லாமல் அலைகாட்டியை அதில் இணைப்பது உயிருக்கு ஊறு என்பதும் அவர்கள் அறிந்ததே.

தைரிஸ்டர் போர்டுகளின் காலம் முடியும் முன்பே வி.எஃப்.டி. எனப்படும் அலைவெண் மாற்றி டிரைவ் வந்துவிட்டது. பழைய தூண்டல் மோட்டாரையே வைத்துக்கொண்டு, அதற்குச் செல்லும் மின்சாரத்தின் அலைவெண்ணை மாற்றி வேகத்தை மாற்றுவது அதன் வழி. அதைச் சாத்தியமாக்கிய ஐ.ஜி.பி.டி. என்ற மின்திறப்பானை 1980களின் தொடக்கத்தில் உருவாக்கியவராகப் போற்றப்படும் பந்த்வால் ஜெயந்த் பாலிகா, 1948இல் சென்னையில் பிறந்து, சென்னை ஐ.ஐ.டி.யில் 1969இல் பட்டம் பெற்றவர் என்பது தமிழ்நாட்டில் போதிய அளவு பேசப்படாத செய்தி. டிரைவ் முதலில் மாறுமின்சாரத்தை ஒருதிசை மின்சாரமாக்கிப் பெரிய மின்தேக்கிகளில், அதாவது கண்டன்சர்களில் தேக்குகிறது. 230 வோல்ட் இணைப்பில் அது ஏறத்தாழ 325 வோல்ட்டாகவும், 415 வோல்ட் மும்முனை இணைப்பில் ஏறத்தாழ 585 வோல்ட்டாகவும் நிற்கும். அங்கிருந்து ஆறு ஐ.ஜி.பி.டி.கள் நொடிக்குப் பல ஆயிரம் முறை திறந்து மூடி, வேண்டிய அலைவெண்ணில் புதிய மும்முனை மின்சாரத்தைச் செதுக்குகின்றன. இணைப்பைத் துண்டித்த பின்னும் கண்டன்சரில் சில நிமிடங்களுக்கு உயிர்கொல்லும் மின்னேற்றம் எஞ்சியிருக்கும் என்பதால், காத்திருந்து அளந்து பார்த்த பிறகே மூடியைத் திறப்பது இங்கே கட்டாயம்.

டிரைவின் பழுதுகளில் பெரும்பங்கு சூட்டிலிருந்து பிறக்கிறது. கண்டன்சரின் உள்ளே இருக்கும் மின்பகு திரவம் சூட்டில் மெல்ல வறண்டுபோகிறது. வெப்பநிலை 10 பாகை கூடினால் அதன் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும் என்பது பொறியாளர்கள் கையாளும் கணக்கு. பெட்டியின் சிறு விசிறி தூசியால் நின்றுபோவதும் அதன் விளைவாகக் கண்டன்சர் வறண்டுபோவதும் ஒரே பழுதின் இரண்டு முகங்கள். கண்டன்சரை மட்டும் மாற்றி விசிறியை விட்டுவிட்டால் அந்தப் பெட்டி மீண்டும் அதே மேசைக்கு வரும். நெடுநாள் ஓடாமல் கிடந்த டிரைவுக்கு முழு மின்னழுத்தத்தை ஒரேயடியாகக் கொடுப்பதும் கண்டன்சரைக் கொல்லும். மாறு டிரான்ஸ்பார்மர் வழியாகச் சிறிது சிறிதாக ஏற்றியே அதை எழுப்ப வேண்டும். 2008 முதல் சில ஆண்டுகள் தமிழகத்தின் சிறுதொழில்களை வாட்டிய நீண்ட மின்வெட்டு, இப்பெட்டிகளுக்கு இன்னொரு சோதனையாக இருந்தது: மின்சாரம் போகும்போது அன்றி, திரும்பி வரும் கணத்தில் எழும் மின்னழுத்தத் துள்ளலிலேதான் உறுப்புகள் மடிகின்றன; அதை உறிஞ்சித் தன்னைப் பலிகொடுக்கும் வாரிஸ்டர் என்ற வட்டத் துண்டு வெடித்திருக்கக் கண்டால், பெட்டியின் மற்ற பகுதி பிழைத்திருக்கும் என்று நம்பலாம்.

இவை எல்லாம் எவ்வூர்ப் பட்டறைக்கும் பொருந்துவன. தூத்துக்குடிக்கே உரியது உப்பு. தமிழகத்தின் உப்பில் மிகப் பெரும்பகுதி விளையும் இம்மாவட்டத்தில், அரைவை ஆலையிலும் அயோடின் கலக்கும் கூடத்திலும் பொட்டலமிடும் அறையிலும் சிறு மோட்டார்களும் அவற்றின் கட்டுப்படுத்திகளும் உப்புத் தூளின் நடுவிலேயே வேலை செய்கின்றன. அங்கே வேகம் என்பது வசதிக்கான ஒன்றன்று. உண்ணும் உப்பில் அயோடின், விற்பனை நிலையில் பத்து இலட்சத்துக்கு 15 பங்குக்குக் குறையக் கூடாது என்பது விதி. அயோடின் இல்லா உப்பை மக்கள் நேரடியாக உண்பதற்கு விற்பது 1998இல் தடைசெய்யப்பட்டு, 2000இல் தடை நீங்கி, 2006இல் மீண்டும் நடைமுறைக்கு வந்தது. பொட்டாசியம் அயோடேட் கரைசலைத் தெளிக்கும் வேகமும், உப்பைச் சுமந்து செல்லும் திருகின் வேகமும் ஒன்றுக்கொன்று இசையாவிட்டால் ஒரு பொட்டலத்தில் மிகையும் மற்றொன்றில் குறையுமாக அயோடின் சேரும். தேய்ந்த ஒரு வால்யூம், எங்கோ ஒரு குழந்தையின் கழுத்துக் கழலை வரை நீளக்கூடிய பழுது.

உப்பு போர்டைக் கெடுக்கும் விதம் நுட்பமானது. காய்ந்த உப்பு மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைக் கடந்ததும் அது காற்றிலிருந்து நீரை ஈர்த்துக் கரைந்து, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய உப்புநீர்ப் படலமாகப் போர்டின் மேல் பரவி, நெருங்கிய இரு செப்புத் தடங்களுக்கு இடையே மின்சாரம் கசிய வழிசெய்யும். உப்பு விளைச்சலுக்கே ஏற்ற வறண்ட பகல் வெப்பம் அப்படலத்தை மீண்டும் உலர்த்திவிடும். கடற்கரை இரவின் ஈரம் அதை மீண்டும் உயிர்ப்பிக்கும். ஆகவே விடியற்காலையில் கிளம்ப மறுத்த இயந்திரம் நண்பகலில் குற்றமின்றி ஓடும். மேசைக்கு வந்த போர்டு எல்லாச் சோதனைகளிலும் தேறி, பட்டறைக்குத் திரும்பிய மறுநாள் காலை மீண்டும் நின்றுவிடும். உள்நாட்டு நகரத்தில் பயின்ற ஒருவருக்கு இது புதிராகத் தோன்றலாம். கடலோரத்தில் பயின்றவர் மீட்டரை எடுக்கும் முன்பே, இயந்திரம் எந்த நேரத்தில் நிற்கிறது என்று கேட்பார்.

மருந்தும் வழக்கத்துக்கு மாறானது. மின்னணுப் போர்டைத் துடைக்கப் பொதுவாகத் தின்னரும் ஆல்கஹாலும் எடுக்கப்படுகின்றன. எண்ணெயையும் பிசினையும் கரைக்கும் அவை உப்பைக் கரைப்பதில்லை, துடைக்கும் தூரிகையோடு அதை இழுத்துப் பரப்புவதே நடக்கும். உப்பைக் கரைக்க நீரே வேண்டும். எனவே மின்இணைப்பு நீக்கி, கண்டன்சரின் மின்னேற்றம் வடிந்ததை உறுதிசெய்து, வால்யூம், ரிலே போன்ற திறந்த உறுப்புகளைக் கழற்றி, பேட்டரிக்கு ஊற்றும் வாலை வடிநீரால் போர்டைக் கழுவி, ஆல்கஹாலால் அந்நீரை விரட்டி, மிதமான சூட்டில் முழுதும் உலர்த்துவதே சரியான வழி. அதன் பிறகு வார்னிஷ்: மோட்டார் சுருளுக்கு வைண்டிங் கடைக்காரர் செய்த அதே காரியத்தை, தெளிந்த மின்காப்பு வார்னிஷைக் கொண்டு போர்டுக்குச் செய்ய வேண்டும், உப்பு எஞ்சியிருக்கும்போதே பூசினால் அது உள்ளேயே அடைபட்டுச் செப்பை அரிக்கும் என்பதால் கழுவாமல் பூசுவது பூசாதிருப்பதைவிடத் தீது. பெட்டியைக் கடல் பார்த்த சுவரிலிருந்து எதிர்ச்சுவருக்கு மாற்றி, கம்பிகள் நுழையும் துளைகளைக் கீழ்ப்பக்கமாக வைத்து அடைத்து, இயந்திரத்தோடு மீண்டும் இணைத்து, நண்பகலில் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பார்கள். அந்த ஓட்டத்தைக் கொண்டு எதையும் முடிவுசெய்வதில்லை; மறுநாள் விடியலில், தரையும் சுவரும் ஈரம் பூத்திருக்கும் நேரத்தில், முதல் பொத்தானை அழுத்திப் பார்த்த பின்பே பழுது நீங்கியதென்று கணக்கில் எழுதுவார்கள்.